நடு ஆற்றில் நிறுத்தாதீர்கள்

மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் இக்கரை தஞ்சோங் டாவாய், அக்கரை பந்தாய் மெர்டேக்கா. இடையே படகுப் பயணம். நடு ஆற்றில் “நிறுத்துங்க அண்ணே” என்று கத்தினால் படகோட்டி அங்கேயே இயந்திரத்தை அணைத்துவிடுவாரா? தலையாட்டிவிட்டு, கரை சேர்ந்து, கயிற்றைக் கட்டிய பிறகுதான் அணைப்பார்.

சி மொழியில் நிரல் எழுதும் மாணவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான்.

தஞ்சோங் டாவாயில் நெத்திலியும் கருவாடும் விற்கும் நண்பருக்கு, எடைக் கணக்கு வைக்க லினக்ஸ் கணினியில் சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். எடையைத் தட்டினால் கோப்பில் ஒரு வரி சேரும். நிறுத்த வேண்டுமா? கண்ட்ரோல் விசையோடு சி விசை. முதல் நாள் மாலையே தொலைபேசி வந்தது: “தம்பி, காலையிலிருந்து போட்ட எடையெல்லாம் எங்க?” கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

காரணம் இதுதான். எஃப்பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே கோப்புக்குப் போவதில்லை. நினைவகத்தில் ஓர் இடைத்தாங்கியில் தங்கி, பெரும்பாலும் 4096 பைட் நிறைந்த பிறகே போகும். கண்ட்ரோல்-சி அழுத்தியதும் சிக்இன்ட் என்ற 2ஆம் எண் சமிக்ஞை வரும். நாம் ஏற்பாடு செய்யாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே மாண்டுவிடும். தாங்கியில் இருந்ததும் கூடவே போய்விடும்.

சமிக்ஞையைப் பிடிக்கும் செயற்கூறு ஒன்றை எழுதி, அதற்குள்ளேயே கோப்பை மூடினேன். அதுவும் தவறு. எஃப்பிரிண்ட்எஃப் பாதி வேலையில் இருக்கும்போது சமிக்ஞை வந்தால் கோப்பு குழம்பலாம், நிரல் உறைந்தும் போகலாம். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்றே: வோலட்டைல் சிக்அட்டாமிக்டி வகை மாறியில் 1 என்று குறிப்பது. அதுதான் படகோட்டியின் தலையாட்டல். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியைப் பார்த்து, 1 என்றால் வெளியே வந்து கோப்பை மூடுங்கள்.

இன்னொன்று. எஃப்கெட்ஸ் விசைப்பலகைக்காகக் காத்திருக்கும்போது, லினக்ஸில் சிக்னல் என்ற கட்டளை அந்தக் காத்திருப்பை மீண்டும் தொடர வைத்துவிடும். நிரல் நின்றபாடிருக்காது. ஆகவே சிக்ஆக்‌ஷனைப் பயன்படுத்துங்கள். எஸ்ஏ_ரீஸ்டார்ட் கொடியைச் சேர்க்காதீர்கள்.

சிக்கில் என்ற 9ஆம் எண்ணை எவராலும் பிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பின் எஃப்ஃபிளஷ் போடுவதும் நல்லது.

இப்போது கணக்கு தொலைவதில்லை. ஆனாலும் நண்பர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.