பிசின் முற்றமும் மார்கழிக் குளிரும்

ஐப்பசி பிறந்துவிட்டது. தென்னாட்டில் அடைமழைக்குக் குடை தேடும் காலம் இது. டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நமக்கோ வானம் வெளுத்து, விடியற்காலையில் மெல்லிய சிலிர்ப்பு தோன்றத் தொடங்குகிறது. கம்பளிகளை வெயிலில் இடுகிறோம். ரஜாய்களைப் பிரித்துப் பஞ்சடிக்கக் கொடுக்கிறோம். முற்றத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். கோடை முழுவதும் எட்டியும் பாராத அவ்விடத்திலேதான் மார்கழியிலும் தையிலும் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, நண்பகல் வெயிலில் பாட்டிமார் பட்டாணி உரிக்கப் போகின்றனர். ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் முதியோருக்குக் குளிர்காலத்தில் வேறு போக்கிடம் ஏது?

அண்மையில் கட்டப்பெற்ற இல்லங்கள் சிலவற்றின் முன்முற்றத்தில் ஒரு புதுவகைத் தளத்தைக் காண்கிறோம். 2 முதல் 6 மில்லி மீட்டர் வரை பருமனுள்ள சிறு கற்களை, ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினில் குழைத்து, கரணையால் தேய்த்துச் சமன்படுத்துவர். தளத்தின் கனம் ஏறத்தாழ 15 முதல் 18 மில்லி மீட்டர் இருக்கும். பார்வைக்கு ஆற்றங்கரைக் கூழாங்கற்களைப் பரப்பியதுபோல் அழகியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நுண்ணிய கண்கள் இருப்பதால், பெய்த நீர் தேங்காமல் கீழிறங்கிவிடும். பிசினைத் தரையில் பூசி அதன்மேல் கற்களைத் தூவும் மற்றொரு வகையும் உண்டு. அதில் நீர் இறங்காது, சரிவில் ஓடித்தான் வடிய வேண்டும். நம் வீட்டில் உள்ளது எவ்வகை என்பதை அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டு அறிந்துகொள்வது நலம்.

இத்தளத்துக்குப் பகை குளிரன்று, தேங்கும் நீரே. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருத்துவிடும். கண்கள் திறந்திருந்தால் நீர் வடிந்துவிடும். அவை அடைபட்டிருந்தால், உறைந்த நீர் கற்களை நெம்பிப் பெயர்க்கும். டில்லியில் இந்த அச்சம் மிகக் குறைவு; சப்தர்ஜங் நிலையத்தில் 1935-ஆம் ஆண்டு சனவரியில் பதிவான கடுங்குளிரே சுழிக்குக் கீழ் 0.6 பாகைதான். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவிலும், அதனையொத்த மலையூர்களிலும் வாழும் அன்பர்களுக்கு இது மெய்யான கவலை. சமவெளியில் வாழும் நமக்கு வேறொன்று காத்திருக்கிறது. மார்கழி மூடுபனியில் நாட்கணக்காக வெயில் படாத ஈரத்தரையில் பாசி படரும். கம்பளிக் காலுறையுடன் விடியலில் வெளிவரும் முதியவர் ஒருவர் அதில் கால் வைத்தால், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழ ஒரு நொடி போதும்.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்க. ஒரு செம்பு நீரை முற்றத்தின் நடுவிலும், சுவரோரத்திலும், நிழல் விழும் வடபுறத்திலும் தனித்தனியே ஊற்றிப் பாருங்கள். சட்டென்று உள்ளிறங்கினால் கவலையில்லை. குளம்போல் நின்றால் கண்கள் அடைபட்டுள்ளன என்று பொருள். இங்கே அடைப்பது பெரும்பாலும் இலையன்று, புழுதி. டில்லி வேம்பு இலையுதிர்ப்பது மாசி பங்குனியில்தான். புழுதிக்கோ பருவமே இல்லை. உலர்ந்த நிலையில் ஈர்க்குத் துடைப்பத்தால் நன்கு பெருக்கி, பின்னர் விறைப்பான நார்த் தூரிகையும் சிறிது சோப்பு நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுக. கம்பித் தூரிகை பிசினைக் கீறிவிடும். கழிவறை கழுவும் திராவகத்தை எக்காரணம் பற்றியும் ஊற்றலாகாது. அது பளிங்குச் சில்லுகளை அரித்துவிடும். நீரைப் பீய்ச்சும் இயந்திரம் வைத்திருப்போர் அதன் வாயைத் தரைக்கு வெகு அருகில் கொண்டுபோகாமல், சற்று எட்டப் பிடித்து விரைந்து நகர்த்துக. கழுவியும் நீர் இறங்கவில்லையெனில் குறை அடித்தளத்தில் உள்ளது. அதனைக் கட்டியவரையே அழைக்க வேண்டும்.

பூந்தொட்டிகளை நகர்த்திப் பாருங்கள். அவற்றின் அடியில்தான் ஈரமும் பாசியும் ஒளிந்திருக்கும். இரண்டு செங்கற்களின்மேல் தூக்கி வைத்தால் காற்று புகும்.

பெயர்ந்த கற்களும் விரிசல்களும் இருப்பின், பழுது பார்ப்பதை இத்திங்களிலேயே முடித்துவிடுவது அறிவுடைமை. இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் பாலியூரித்தேன் பிசின், இறுகுமுன் ஈரம் பட்டால் நுரைத்து வெளிறிப்போகும். குளிர் மிகுந்தாலோ இறுகுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். மூடுபனிக் காலத்தில் ‘இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் மிஸ்திரியிடம், ‘பங்குனியில் வாருங்கள்’ என்று கூறி அனுப்பிவிடலாம். ஆண்டுதோறும் மேற்பூச்சு வேண்டும் என்பாரையும் நம்ப வேண்டுவதில்லை. பூசியே தீரவேண்டுமெனின், வழுக்காதிருக்க நுண்மணல் தூவிப் பூசுமாறு கேளுங்கள்; வழவழப்பான பளபளப்பு முதியோர் உள்ள வீட்டுக்கு ஆகாது.

இனி, நம் வீடுகளுக்கே உரிய ஒரு செய்தி. மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவதை எந்த ஊருக்குச் சென்றாலும் நம் பெண்மணிகள் விடுவதில்லை. ஆயின், குடம் குடமாக நீர் தெளிப்பதும் கல்மாவைத் தூவுவதும் இத்தளத்துக்கு ஒவ்வா. கல்மாவு கண்களுக்குள் புகுந்து தங்கிவிடும். அரிசி மாவைக் கரைத்து இழைக்கும் மாக்கோலமோ உள்ளே உறைந்து பூசணம் பிடிக்கும். கோலத்தை விட்டுவிடுக என்று யாம் கூறவரவில்லை. படியருகே, மெருகேற்றாத கோட்டாக் கல் ஒன்றைப் பதித்துக்கொள்ளுங்கள். இராசத்தானத்திலிருந்து வரும் இக்கல் டில்லியில் எளிதிற் கிடைப்பது. அதன்மேல் கையால் சிறிது நீர் தெளித்து, துணியால் ஒற்றிவிட்டு, கோலமிடலாம். கார்த்திகை விளக்குகளையும் அக்கல்லின் மீதோ தாம்பாளத்திலோ ஏற்றுக. எண்ணெய் சிந்தினால் கறை எளிதில் போகாது. குளிர்காய வைக்கும் அங்கீட்டி அடுப்பின் சூட்டில் பிசின் இளகும். அதனை இத்தளத்தின்மேல் வைக்கலாகாது. அதற்கு அஞ்சி அடைத்த அறைக்குள் கொண்டுசெல்வதோ உயிருக்கே கேடு. கரிப்புகை மணமின்றிக் கொல்லும்.

மலையூர் அன்பர்கள் பனியை அகற்ற இரும்பு மண்வெட்டியை எடுக்க வேண்டாம். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தட்டுவாரியே ஏற்றது. பனி உருகட்டும் என்று வெந்நீர் ஊற்றுவோர் உளர். ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் கண்ணாடிபோல் உறைந்து, முன்னிலும் தீங்காய் முடியும். மார்கழி தையில் பெய்யும் ‘மஹாவட்’ மழைக்குப் பின், டில்லியிலும் ஒருமுறை செம்பு நீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பெரியோரை வெளியே அழையுங்கள்.