டவர் ஒண்ணு, பாதை எத்தனை?

5ஜி வந்தா எல்லாருக்கும் ஸ்பீட் கூடும்னு விளம்பரம் சொல்லுது. கூடவே வரும் ‘நெட்வேர்க் ஸ்லைசிங்’ பற்றி அந்த விளம்பரத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரே டவர், ஒரே அலைவரிசை. அதை மென்பொருளால் துண்டுபோடலாம்: ஒரு துண்டு தொழிற்சாலைக்கு, ஒன்று கூடக் காசு கட்டுறவருக்கு, மிச்சம் நமக்கு.

1990 அம்புலன்ஸுக்குத் தனிப்பாதை கொடுங்க, நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். எங்கள் கேள்வி அந்த ‘மிச்சம்’ எவ்வளவு என்பதுதான். அலைவரிசைக்கு அளவு உண்டு. நெரிசல் நேரத்தில் ஒருவருக்கு உத்தரவாதம் கொடுத்தால், உத்தரவாதம் இல்லாதவருக்குத்தான் குறையும்.

பொதுநன்மைக்காகப் பங்கிடுறோம்னு சொன்னா, இழக்கிறது யாருன்னு கேட்க தெல்தெனியக்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விக்டோரியா அணைக்காக எங்கள் பழைய நகரமே தண்ணிக்குள்ள போனது. கரண்ட் நாட்டுக்கே கிடைத்தது, ஊர் போனது எங்களுக்கு.

நெட்வேர்க்கின் சாவி யார் கையில் என்பதையும் இங்கேதான் பார்த்தோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபரை நாடு முழுக்க முடக்கியது. வெறுப்பைப் பரப்பினவங்களை நிறுத்தத்தான் வேணும். ஆனால் “பத்திரமா இருக்கீங்களா”ன்னு கேட்கிற மெசேஜுக்கும் அதே பூட்டுதான்.

அன்றைக்குத் தடை என்றாவது தெரிந்தது. ஸ்லைஸில் அதுவும் தெரியாது. நம்ம துண்டைச் சுருக்கினாலும், சிக்னல் வீக்குன்னு நினைச்சு போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிற்போம்.

இதற்கு விதி எழுத முடியாதா? ஐரோப்பிய ஒன்றியம் 2015லேயே எழுதியது: பொது இணையத்துக்குப் போக மேலதிகக் கொள்ளளவு இருந்தால் மட்டுமே சிறப்புச் சேவை விற்கலாம், அதனால் சாதாரணப் பாவனையாளரின் தரம் குறையக்கூடாது. இந்தியாவில் 2016இல் செயலிக்கொரு விலை வைக்கிறதையே டிராய் தடைசெய்தது, பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ அங்கே மூடப்பட்டது.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் நாங்கள் கேட்பது மூன்று. பொதுத் துண்டுக்குக் குறைந்தபட்ச வேகத்தை 5ஜி உரிமத்திலேயே எழுதுங்கள். எந்த டவரில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். அந்தக் குறைந்தபட்சம் கொழும்புக்கும் தெல்தெனியவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

2021இல் ஒன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறின நாடு இது. துண்டு போடுறதுக்கு முதல் எல்லாருக்கும் சிக்னல் வரட்டும்.