விருப்பக்குறிகள் உயிர் காக்குமா?

2013-ஆம் ஆண்டில் யுனிசெஃப் அமைப்பின் ஸ்வீடன் கிளை ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. எங்கள் முகநூல் பக்கத்துக்கு நீங்கள் 'லைக்' போட்டால், அதனால் ஒரு குழந்தைக்குக்கூடப் போலியோ தடுப்பு மருந்து கிடைக்கப் போவதில்லை என்பதுதான் அதன் செய்தி. கூடவே ஒரு காணொலி. எளிய அறை ஒன்றில் பத்து வயதுச் சிறுவன் அமர்ந்திருக்கிறான். தாய்க்கு வந்த நோய் தனக்கும் வந்துவிட்டால் தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்படுகிறான். பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான்: யுனிசெஃப் ஸ்வீடன் பக்கத்துக்கு 1,77,000 லைக்குகள் வந்துவிட்டன, கோடைக்குள் இரண்டு லட்சத்தை எட்டிவிடலாம், அதன்பின் எல்லாம் சரியாகிவிடும்.

தன் ஆதரவாளர்களையே ஒரு தொண்டு நிறுவனம் இப்படிக் குத்திக்காட்டத் துணிந்தது சாதாரணமான செயல் அல்ல. பின்தொடர்வோரின் எண்ணிக்கையைச் சேமிப்புக் கணக்கின் இருப்பைப்போல எண்ணிப் பார்க்கும் பழக்கம் தொண்டு நிறுவனங்களிடையே பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை, ஏட்டை வைத்திருந்தவரே சொன்னதுதான் அந்த விளம்பரத்தின் வலு. பார்த்தவர் அடுத்த நொடியில் செய்வதற்கு அந்தப் பதிவில் ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பார்த்தால், புகழ்பெற்ற பல சமூக ஊடகப் பிரசாரங்களின் எடை மாறிவிடுகிறது.

அடுத்த ஆண்டே இதற்கு மறுப்புரைபோல ஒன்று நடந்தது. 2014 கோடையில் உலகின் பாதிப் பிரபலங்கள் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார்கள். ஏஎல்எஸ் என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழியும் நோய். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது அதுதான். அமெரிக்காவில் இந்நோயோடு போராடிக்கொண்டிருந்த பேட் குவின், முன்னாள் பேஸ்பால் வீரர் பீட் ஃப்ரேட்ஸ் ஆகிய இருவரும், ஏற்கெனவே சுற்றில் இருந்த ஒரு விளையாட்டை இந்நோயின் பெயரால் பெரிதாகப் பரப்பினார்கள். விதி எளிது: 24 மணி நேரத்துக்குள் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள், அல்லது நன்கொடை கொடு; பிறகு வேறு சிலரைப் பெயர் சொல்லி அழை. விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டவர் காசு கொடுக்க வேண்டியதே இல்லை! ஆனாலும் ஏராளமானோர் இரண்டையும் செய்தார்கள்.

அந்த ஜூலை 29 தொடங்கி ஒரே மாதத்தில் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு 10 கோடி டாலர் சேர்ந்தது. முந்தைய ஆண்டு இதே காலத்தில் கிடைத்தது 28 லட்சம் டாலர். மொத்தத் தொகை 11.5 கோடி டாலரை எட்டியது. இதன் சூட்சுமம் வாளியிலோ ஐஸிலோ இல்லை, பெயர் சொல்லி அழைப்பதில் இருந்தது. நம் ஊர் மொய் விருந்துகளில் பெயரும் தொகையும் நோட்டில் ஏறும்போது வேலை செய்யும் அதே உளவியல்தான் இது. எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டால் யாருக்கும் காது கேட்பதில்லை; ஊரறியப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது கடினம்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நாட்டில் இது தேவையா என்ற முணுமுணுப்பு நம்மிடையே எழுந்தது. ஹைதராபாதில் ஒரு பத்திரிகையாளர் அதற்கு அழகான விடை கண்டார். ஒரு வாளி அரிசியைப் பசித்தவருக்குக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பகிருங்கள் என்ற 'ரைஸ் பக்கெட்' சவாலை அவர் தொடங்கினார். கடன் வாங்கிய யோசனையே ஆனாலும், அதில் வீணானது எதுவும் இல்லை.

ஐஸ் தண்ணீர் கொண்டுவந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆராய்ச்சிக்குச் சென்றது. அந்த நிதியின் துணையோடு நடந்த ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய 'நெக்1' என்ற மரபணுவை 2016-இல் அடையாளம் காட்டியது. இந்த நிதியில் உதவி பெற்ற ஒரு மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால், பின்னர் நடந்த பெரிய அளவிலான பரிசோதனையில் அது பயன் தரவில்லை என்று தெரிந்ததும், 2024-இல் அதைத் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஃப்ரேட்ஸ் 2019-இலும், குவின் 2020-இலும் காலமாகிவிட்டார்கள். ஒரு நிமிடக் காணொலியின் வேகத்துக்கும் ஆய்வுக்கூடத்தின் நடைக்கும் உள்ள தொலைவு இது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் இதை நடத்தலாம் என்று சங்கம் 2015-இல் முயன்றபோது, முதல் ஆண்டு வசூலில் மிகச் சிறு பகுதியே கிடைத்தது. மழை ஒருமுறைதான் பெய்தது. அதைத் தேக்கி வைக்க ஏரி இருந்ததால் பயன் விளைந்தது.

ஏரி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பிரசாரம் சாட்சி. 2012 மார்ச் 5 அன்று, உகாண்டாவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜோசப் கோனியைப் பிடிக்க வேண்டும் என்று கோரும் அரை மணி நேரப் படம் ஒன்றை 'இன்விசிபிள் சில்ட்ரன்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வெளியிட்டது. ஆறு நாள்களில் பார்வைகள் 10 கோடியைத் தொட்டன. குழந்தைகளைக் கடத்திப் படையாள்களாக்கிய கோனியின் கொடுமைகள் உண்மை. 2005-லேயே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்குப் பிடியாணை பிறப்பித்திருந்தது. படம் பார்த்தவர்கள் ஏப்ரல் 20 இரவில் உலக நகரங்களை எல்லாம் சுவரொட்டியால் நிரப்ப வேண்டும் என்பது திட்டம். அந்த இரவு பல ஊர்களில் வந்தவர்களை விரல் விட்டு எண்ண முடிந்தது.

அதைவிட முக்கியமானது, அந்த மார்ச் மாதமே வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் நடந்தது. கோனியின் படையால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தவெளியில் அந்தப் படம் காட்டப்பட்டது. ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். கல்வீச்சில் முடிந்தது அந்தத் திரையிடல். தங்கள் துயரத்தைப் பற்றிய கதை என்று நம்பி வந்தவர்கள், திரையில் பெரிதும் கண்டது இயக்குநரையும் அவருடைய சிறு மகனையும்தான். தொண்டு நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவினருக்கு ஒரே ஒரு சோதனையைப் பரிந்துரைக்கலாம் என்றால், இதைத்தான் சொல்வேன்: யாருக்காகப் பேசுகிறோமோ, அவர்கள் நடுவே அமர்ந்து அந்தக் காணொலியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வணிக நிறுவனங்களின் கதை வேறு. அவற்றுக்கு விற்பதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால், அண்மைக்காலமாக அவை தொண்டு நிறுவனத்தின் குரலில் பேச விரும்புகின்றன. 2021 மகளிர் தினத்தன்று பர்கர் கிங்கின் பிரிட்டன் கிளை, பெண்களின் இடம் சமையலறைதான் என்று ட்விட்டரில் எழுதியது. அதற்கு அடுத்தடுத்த பதிவுகளில்தான் விஷயமே இருந்தது. உணவகங்களின் தலைமைச் சமையலர்களில் பெண்கள் மிகக் குறைவு. அதை மாற்றத் தங்கள் பெண் பணியாளர்களுக்குக் கல்வி உதவித்தொகை தரப்போகிறோம் என்பது அறிவிப்பு. நல்ல திட்டம். ஆனால், முதல் பதிவு மட்டும் தனியே பிய்ந்து உலகைச் சுற்றியது. அன்றைக்கே அதை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. செய்தித்தாளில் தலைப்பும் விளக்கமும் ஒரே பக்கத்தில் கண்ணில் படும். சமூக ஊடகத்தில் தலை மட்டும் பயணம் போகும், உடல் வீட்டிலேயே கிடக்கும். இந்த எளிய உண்மையை விளம்பரத் துறையினர் மறந்தது வியப்புத்தான்.

மன்னிப்பு என்றதும் நினைவுக்கு வருவது கேஎஃப்சி. 2018 பிப்ரவரியில் புதிய சரக்குப் போக்குவரத்து ஏற்பாடு குளறுபடியாகி, பிரிட்டனில் அதன் கடைகளில் பெரும்பாலானவை கோழி இல்லாமல் மூடிக் கிடந்தன. தன் பெயரின் மூன்றெழுத்தை இடம் மாற்றி, ஆங்கில வசைச்சொல்போல ஒலிக்கும்படி காலி வாளியில் அச்சிட்டு நாளிதழ்களில் அது மன்னிப்புக் கேட்டது. அந்தப் படம் சமூக ஊடகங்களில் கைமாறிக் கைமாறிப் பரவியது. தவறு தன்னுடையது என்று சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டதால் அந்தக் குறும்பு எடுபட்டது.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டக் கடமையாகச் செய்யும் செலவு, சமூக ஊடகத்தில் பெருங்கருணையாக உருமாறி வருகிறது. வரி கட்டியதற்காக யாரும் தம் முகத்தைப் போட்டுப் பதாகை வைப்பதில்லை.

மறுபுறம், மருத்துவச் செலவுக்காக இணையத்தில் நிதி திரட்டும் விளம்பரங்கள். யூடியூபில் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், மூக்கில் குழாய் செருகிய குழந்தையின் முகமும் தாயின் கதறலும் குறுக்கே வருகின்றன. கண்ணீர் வந்த வேகத்தில் பணம் வருகிறது என்பது உண்மை; அந்தக் குழந்தைகளில் சிலருக்கு அதனால் சிகிச்சை கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால், அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து, 15 வயதில் தன் பெயரை இணையத்தில் தேடினால், அதே முகம் அங்கே காத்திருக்கும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின், குறிப்பாகக் குழந்தைகளின், கண்ணியத்தைக் குலைக்கும் படங்கள் கூடாது; கொடுக்காதவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கக் கூடாது; படத்தில் இருப்பவர் உதவி பெறுபவர் அல்லர் என்றால் அதைச் சொல்ல வேண்டும் என்கின்றன அவை. அந்தக் கவுன்சில் துறையினரே அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பு. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கொடுப்பவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் அந்த நெறிகளுக்கு உயிர் வரும். இந்தக் காணொலியை எடுக்கும் முன் பெற்றோரிடம் எதற்கெல்லாம் ஒப்புதல் வாங்கினீர்கள்? சிகிச்சை முடிந்தபின் படத்தை அகற்றுவீர்களா? நான் கொடுக்கும் நூறு ரூபாயில் விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, முகநூலிலும் ட்விட்டரிலும் வாட்ஸ்ஆப்பிலும் ஓடிய பதிவுகளில் கற்பனைத் திறன் எதுவும் இல்லை. தெருப் பெயர், எத்தனை பேர், கைக்குழந்தை இருக்கிறதா, எந்த எண்ணில் அழைக்க வேண்டும், அவ்வளவுதான். தன்னார்வலர்கள் அவற்றைத் திரட்டிப் பட்டியலாக்கினார்கள். மீட்கப்பட்டவர்களுக்காகவும் பகிர்வுகள் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு எண்ணையும் திரும்ப அழைத்துச் சரிபார்ப்பதே தனி வேலையாயிற்று. பகிர்ந்தவர்களில் பலர் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைத்துப் பார்த்திருக்கவில்லை.