அடுக்களைச் சாளரமும் அதன் திரையும்

மனையின் அழகைக் கூடத்திற் காண்போர் பலர். அதன் அறிவை அடுக்களையிற் காண்போர் சிலர். விளாத்திகுளத்திலும் அதனைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களிலும் இந்நாளில் வீடு கட்டுவோருள் அடுக்களைக்கு ஐந்தடி, ஆறடி அகலத்திற் பெருஞ்சாளரம் அமைப்போர் உளர். இது மகிழத்தக்கதே. ஆயினும், அச்சாளரத்திற்கு எத்தகைய திரை இடுவது என்னும் வினா எழுங்கால், கடைக்காரர் விரித்துக் காட்டும் முதல் வண்ணத்திலேயே நம்மவர் மயங்கிவிடுகின்றனர். ‘திரைச்சீலைக்கும் ஒரு கட்டுரையோ?’ என நகைப்பார் நகைக்க. நாள்தோறும் பல நாழிகை அச்சாளரத்தருகே நின்று உழைப்பார்க்கு இது சிறு செய்தியன்று.

நம் பாட்டியர் சமைத்த அடுக்களையைச் சிறிது நினைவு கூர்வோமாக. சுவரின் உச்சியில் ஒரு சிறு புகைத்துளை. பருத்திமாரும் வேலிக்கருவை விறகும் எரியும் அடுப்பு. கரி படிந்த கூரை. ஊதி ஊதிச் சிவந்த கண்கள். அப்புகை கண்ணீரோடு ஒழிந்ததன்று. சமையற்புகை முதலாக வீட்டினுள் எழும் மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழையர் இல்லங்கள் பலவற்றிலும் எரிவாயு அடுப்பு புகுந்தது, விறகுப்புகை குறைந்தது. எனினும், எரிவாயுச் சுடரும் தனக்குரிய நச்சுக்காற்றை வெளிவிடுவதே. காய்ந்த எண்ணெயின் ஆவியும், வற்றல் வறுக்கும் நெடியும் எங்கும் போய்விடவில்லை. ஆதலின் பெருஞ்சாளரம் ஆடம்பரமன்று; அது சமைப்பவரின் மூச்சு. அதனைத் தடித்த திரையால் முழுதும் மூடுவது, அரிதிற் பெற்ற ஒன்றை நம் கையாலேயே இழப்பதாகும்.

அண்மையில் விளாத்திகுளத்தில் நண்பர் ஒருவரின் புதுமனைக்குச் சென்றிருந்தோம். மேற்கு நோக்கிய அடுக்களைச் சாளரம். இழுத்துத் தள்ளும் கண்ணாடிக் கதவு. அதன் உட்புறத்தே கூரையிலிருந்து தரை வரை தொங்கும் கனத்த பாலியெஸ்டர்த் திரை. தெருவிற் செல்வார் பார்வை உள்ளே படாதிருக்கவே அதனை இட்டதாக நண்பர் பெருமையுடன் கூறினார். அவர் மனைவியாரோ, வற்றல் வறுக்கும் நாளில் அதனைச் சுருட்டிக் கம்பியின்மேல் செருகிவிடுவதாகவும், துவைப்பதற்கு மட்டும் பத்துக் குடம் நீர் வேண்டியிருப்பதாகவும் மெல்லக் கூறினார். திரையைத் தேர்ந்தவர் ஒருவர்; அதனோடு வாழ்பவர் மற்றொருவர். நோயின் முதல் இதுவே என்று நமக்குத் தோன்றிற்று.

நிற்க. நம் நாட்டில் அடுக்களைச் சாளரத்திற்குப் பகை மூன்று: வெயில், புழுதி, பிறர் பார்வை. ஒரே துணியால் மூன்றையும் வெல்ல முயல்வதே பிழை. ஒவ்வொன்றிற்கும் உரிய மருந்து வேறு.

முதலாவது வெயில். கண்ணாடியைக் கடந்து உட்புகுந்த வெயிலை உள்திரை தடுக்குமிடத்து, அதன் ஒரு பகுதியே திரும்பிச் செல்லும். எஞ்சியது திரையைச் சுடவைத்து அறைக்குள்ளேயே பரவும். ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்தல் வேண்டும். விளாத்திகுளத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பான். இடைப்பட்ட திங்கள்களில் சிறிது வடபால் நிற்பான். அவன் உயர நிற்றலால் வடக்கு, தெற்குச் சாளரங்களுக்கு இரண்டடி நீண்ட வெயில்மறைப்பே பெரும்பாலும் போதும். மேற்குச் சாளரத்திற்கோ அது போதாது. மாலைவெயில் தாழச் சாய்ந்து வருவதன்றோ? அங்கே வெளிப்புறத்திற் கயிற்றால் ஏற்றி இறக்கத்தக்க பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிடுதல் நன்று. மாநில மரமெனப் பனையைப் போற்றும் நாம், அதன் ஓலையை வீட்டு முகப்பிலிடக் கூசுவது என்னே!

இரண்டாவது புழுதி. ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வருவதை நாம் அறிவோம். அடுக்களையில் அப்புழுதி எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்து திரையிற் படிந்தால் எளிதிற் போகாது. ஆதலின் மடிப்பு மிகுந்த கனத்த துணியும், பட்டை பட்டையாய்க் கோத்த மடிப்புத்திரையும் இவ்விடத்திற்கு ஏலா. கழற்றித் துடைக்கத்தக்க மெல்லிய கம்பிவலைச் சட்டம் ஒன்று புழுதியைக் குறைக்கும், கொசுவையும் ஈயையும் தடுக்கும், காற்றையும் வரவிடும்.

மூன்றாவது பார்வை. தெருவிற் செல்வார் பார்வைக்குச் சாளரத்தின் கீழ்ப்பாதியை மறைத்தாலே போதும். மேற்பாதி திறந்திருக்க, வெளிச்சமும் காற்றும் தடையின்றி வரும். மேலெழும் வெம்மையும் வெளியேறும். இவ்வரைத்திரைக்கு ஏற்றது வெளிர்நிறக் கைத்தறிப் பருத்தித் துணி. வெட்டுமுன் நனைத்து உலர்த்துக. இன்றேல் பின்னர்ச் சுருங்கும். இரண்டு இணை தைத்துக்கொண்டால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று உதவும். அரைவாளி நீரே அமையும். ஆனால் அடுப்பு சாளரத்தின் அடியிலேயே இருக்குமாயின் எத்துணியும் ஆகாது. பருத்தி பற்றி எரியும். பாலியெஸ்டர் உருகி உடலில் ஒட்டும். அங்கே கீழ்ப்பாதிக்கு ஒளிபுகும் மங்கற் கண்ணாடியே தக்கது.

பருத்தியை நாம் பரிந்துரைப்பது பழைமைப் பற்றினால் மட்டுமன்று. 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் கோவில்பட்டியை அண்டிய நிலம் இது. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. இம்மண்ணின் மக்கள் தம் சாளரத்திற்குப் பாலியெஸ்டரைத் தேடி அலைவது, கிணற்றடியில் நின்று தாகத்தால் வாடுவதனை ஒக்கும்.

‘கூடத்துத் திரையோடு இது பொருந்தாதே, காண்போர் ஏழ்மையென எண்ணாரோ?’ எனச் சிலர் வினவலாம். கூடம் விருந்தினரின் கண்ணுக்காக. அடுக்களை உழைப்பவரின் உடலுக்காக. இரண்டிற்கும் ஒரே அளவுகோல் எங்ஙனம் பொருந்தும்? 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு அடுக்களை வகுத்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் அம்மையார், சமைப்பவர் நடக்கும் அடிகளைக் கணக்கிட்டே ஒவ்வொன்றையும் அமைத்தார்; வேலைமேசையைச் சாளரத்தருகே வைத்தார். அவர் முதலில் நினைந்தது காண்போரையன்று, அங்கு நின்று உழைப்பவரையே.

ஆதலின், வீடு கட்டும் அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. திரை வாங்கக் கடைக்குச் செல்லுமுன், பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் அடுக்களையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். பின்னர், அங்கே நாள்தோறும் நிற்பவரை வினவுங்கள். அவர் சொல்வதையே வாங்குங்கள். அவ்வாறு தேர்ந்த ஓலைத்தட்டி, அவ்வாறு தேராத பட்டுத்திரையினும் அவ்வீட்டிற்கு மிக்க அழகு தருமென்பது நம் துணிபு.