எண்ணிக்கையும் மதிப்பும்

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்த முப்பதாம் நாள் திருப்பலி நிறைவுற்றதும், அவர்தம் மக்கள் மூவர் நம் இல்லத்திற்கு வந்தனர். ஆண்மக்கள் இருவர், இறுதிவரை தாயைப் பேணிய இளைய மகள் ஒருவர். தாயின் சுருக்குப் பையில் இருந்த 21 வெள்ளி ரூபாய்களை மேசைமீது பரப்பினர்.

"ஆளுக்கு ஏழு, சாமி. தங்கச்சிக்குப் பளபளப்பான காசாகவே ஏழு எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார் மூத்தவர்.

அன்போடு சொன்ன சொல்தான். எனினும் காசுகளைப் புரட்டிப் பார்த்தபோது நம் உள்ளம் உறுத்திற்று. அவ்வேழும் 1940 முதல் 1945 வரையிலானவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அச்சிட்ட அந்த ரூபாய்களில் பாதியே வெள்ளி. அவற்றிற்கு முற்பட்ட விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காசுகளிலோ பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இருவகைக்கும் எடை ஒன்றே: ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ஆகவே தராசு இங்கே உதவாது. பொறித்துள்ள ஆண்டே உண்மை உரைக்கும். முன்னதில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம், பின்னதில் 5.83 கிராம். அண்ணன்மார் பங்கில் ஆளுக்கு ஆறு பழைய காசுகள் இருந்தன. தங்கைக்கு அவர்களைவிட 29 கிராம் வெள்ளி குறைந்திருக்கும். அறியாது செய்ததாயினும் இழப்பு இழப்பே.

காசு கறுத்திருப்பது குறையன்று. நம் தந்தையார் விட்டுச்சென்ற விக்டோரியா காசுகளை இளமையில் நாம் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினோம். பின்னாளில் அவற்றைக் கண்ட சேகரிப்பாளர் ஒருவர், வெள்ளி விலைக்குமேல் எதுவும் தரவியலாது என்று கூறிவிட்டார். தேய்த்த கீறல்கள் என்றும் மறைவதில்லை.

காசின் நிலையறிய மேடான இடங்களை நோக்குக. அரசியின் கன்னம், மகுடத்தின் மணிகள், ஆடையின் வேலைப்பாடு ஆகியவையே முதலில் தேய்வன. அவை தெளிவாக இருப்பின் காசு மிகுதியாகப் புழங்கவில்லை எனலாம். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடமோ துளையோ இருப்பின், பெரும்பாலும் வெள்ளி விலையே கிட்டும்.

அக்குவியலில் 1911ஆம் ஆண்டுக் காசு ஒன்றும் இருந்தது. அதில் ஜார்ஜ் மன்னரின் அங்கியிலுள்ள யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றியதால் மக்கள் முணுமுணுத்தனர். 1912இல் அவ்வுருவம் திருத்தப்பட்டது. பழையவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டது. எஞ்சியவற்றைச் சேகரிப்போர் விரும்பித் தேடுகின்றனர். இந்தக் காசிலோ யானை தேயாமல் இருந்தது.

அவர்களையே ஆண்டுவாரியாகப் பிரிக்கச் சொன்னோம். பழையவை பன்னிரண்டு, போர்க்காலத்தவை ஒன்பது. ஆளுக்கு நான்கும் மூன்றுமாகச் செம்மையாய்ப் பிரிந்தன. 1911ஆம் ஆண்டுக் காசு யாருக்கு என்ற கேள்வி மட்டும் நின்றது. மூத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அதை எடுத்துத் தங்கையின் கையில் வைத்து, "அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நீ" என்றார். இளையவரும் தலையசைத்தார்.

முன்னோர் பெட்டியைத் திறக்கும் அன்பர்களே! காசைத் துலக்காதீர், உரைகல்லில் உரச விடாதீர், ஆண்டைப் படியுங்கள். பங்கிடுவது அதற்குப் பிறகே ஆகட்டும்.