ஒரே ஒரு புள்ளி

2005, 2006 ஆகிய ஆண்டுகளின் ஃபார்முலா 1 உலக வாகையரான பெர்னாண்டோ அலோன்சோவுக்கு இணையாக, 2007இல் மெக்லாரன் அணியில் அறிமுகமானார் 22 வயது லூயிஸ் ஹாமில்டன். ஹங்கேரித் தகுதிச் சுற்றில், அணி சொல்லியும் ஹாமில்டன் வழிவிடவில்லை. அலோன்சோவோ சக்கரம் மாற்றிய இடத்தைவிட்டு நகராமல் நின்று, அவருடைய கடைசிச் சுற்றைக் கெடுத்தார். ஆண்டின் முடிவில் இருவருக்கும் 109 புள்ளிகள். பட்டமோ, 110 புள்ளிகள் பெற்ற ஃபெராரியின் கிமி ரைக்கோனனுக்கு!

இளையவரின் வேகம் குற்றமன்று. மூத்தவரின் பெருமிதமும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், உடனிருப்பவனையே எதிரியாக எண்ணியதுதான் அந்த ஒரு புள்ளியின் விலை என்பேன்.

நம் பாடகர் குழுவில் புதிய குரலொன்று எழும்பும்போது, மூத்தோரே, இடங்கொடுங்கள். இளையோரே, இசைந்ததைக் காத்துக்கொள்ளுங்கள்.