நூறு வாங்கியது பிள்ளையா, வினாத்தாளா?

பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு என்ற சிபிஎஸ்இ ஏற்பாடு 2026 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல் தேர்வு கட்டாயம். மே மாதத்து இரண்டாம் தேர்வில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். எது அதிகமோ அது நிற்கும். பிள்ளைகளின் தேர்வு பயத்தைக் குறைக்கத்தான் இது என்கிறார்கள். தவறியவருக்கு இது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் 96 வாங்கிய பிள்ளைக்கும் அதே கதவைத் திறந்து வைத்தது ஏன்? ‘மீதி நாலு மார்க் எங்கே போச்சு?’ என்று கேட்கும் வீடுகளில், முதல் தேர்வோடு முடிய வேண்டிய பதற்றம் இனி மே வரை நீளும்.

நம் மாநிலப் பாடத்திட்டமும் இதற்குச் சளைத்ததல்ல. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு கைவிட்டது. அருமையான முடிவு. ஆனால் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் ‘சென்டம்’ என்ற கணக்கு மட்டும் தேர்வு முடிவுகளோடு தொடர்ந்து வெளிவருகிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஓராண்டில் அறிவியல் சென்டம் 5,104-இலிருந்து 10,838 ஆகிறது. சமூக அறிவியல் 4,428-இலிருந்து 10,256 ஆகிறது. தமிழில் இரண்டு ஆண்டும் 8 பேர்தான். ஓராண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணக்கை மறந்து அறிவியலில் மேதைகளாகிவிட்டார்களா? மாறியது வினாத்தாள். 2025-இல் கணிதத்தில் 97 வாங்கிவிட்டு அழுத பிள்ளை, ஒரு வருடம் முன்னால் பிறந்திருந்தால் பள்ளி வாசல் பிளெக்ஸ் பேனரில் சிரித்திருக்கும். இந்த எண்ணை வைத்தா ஒரு குழந்தையின் தகுதியை முடிவு செய்கிறோம்?

துளிப் பிழையும் கூடாது என்ற இந்த மனநிலையை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். கனடாவின் பால் ஹெவிட்டும் கார்டன் ஃபிளெட்டும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் கறார், பிறரிடம் காட்டும் கறார், பிழையின்றி இருந்தால்தான் மற்றவர்கள் ஏற்பார்கள் என்ற எண்ணம். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதிகம் பிணைந்திருப்பது மூன்றாவதுதான். 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் 41,641 கல்லூரி மாணவர்களின் தரவுகளைத் தொகுத்த தாமஸ் கர்ரனும் ஆண்ட்ரூ ஹில்லும், இந்த மூன்றாவது வகை 33 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். நம் பிள்ளைகளிடம் அளந்தால் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இலக்கு உயரமாக இருந்தால்தானே பிள்ளை முன்னேறும் என்பார்கள். எந்த இலக்கு, யார் வைத்த இலக்கு? நன்றாகச் செய்ய வேண்டும் என்ற சொந்த விருப்பம் நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்து வருகிறது. பிழை செய்துவிடுவோமோ, பிறர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அப்படி வருவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அது சற்றே குறைவான மதிப்பெண்ணோடுதான் நிற்கிறது. நீட், ஜேஇஇ காத்திருக்கிறதே என்பதெல்லாம் ஒரு வாதமே அல்ல. அந்தத் தரவரிசைகளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு இடமில்லை. ஆக, அங்கே உதவாத மூன்று மதிப்பெண்ணுக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தூக்கத்தைப் பறிக்கிறோம். பள்ளி நிர்வாகங்களுக்கு இது விளம்பரம். டியூஷன் மையங்களுக்கு வருமானம். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

இரண்டாம் தேர்வை, முதல் தேர்வில் தவறியவர்களுக்கும் உடல்நலமின்றி எழுத முடியாமல் போனவர்களுக்கும் மட்டும் என்று சிபிஎஸ்இ சுருக்க வேண்டும். பள்ளிகள் மாணவர் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரமாக்குவதற்கு முற்றாகத் தடை வேண்டும். சென்டம் கணக்கை நிறுத்தப் புதுச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அதை நிறுத்தினாலே நம் பிள்ளைகளின் பாரத்தில் பாதி இறங்கிவிடும். அடுத்த தேர்வு முடிவிலேயே பள்ளிக்கல்வித் துறை இதைச் செய்தாக வேண்டும்.